அக்கரைக்குப் போன பங்காளிகள்: தேடும் வழிகளும் நாம் திறக்காத கதவும்

1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16ஆம் நாள் இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையை அடைந்தது. இறங்கியவர்களின் விவரங்களை அப்பகுதியின் நேட்டால் அரசு பேரேட்டில் பதிந்து வைத்தது. ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. 1911இல், இவர்களை வரவழைத்த ஒப்பந்தக் கூலி முறை நேட்டாலில் நிறுத்தப்படும் வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் இப்படிப் பதியப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பி ஓடினால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக எழுதப்பட்ட பேரேடு அது. இன்று டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வாழும் கொள்ளுப்பேரன் பேத்திகளுக்குத் தங்கள் ஊர் எது என்று காட்டும் நம்பகமான சான்றும் அதுவே.

பிரிந்துபோன உறவைத் தேடுவது குறித்து நம்மிடையே வரும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரு சந்திப்பின் கண்ணீரோடு நின்றுவிடுகின்றன. தேடல் எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது, யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு வாய்ப்பதில்லை என்ற கேள்விகளை யாரும் அதிகம் கேட்பதில்லை. தமிழகத்திலிருந்து கடல் கடந்து போனவர்களின் வழித்தோன்றல்களை முன்வைத்து அந்தக் கேள்விகளைப் பார்க்க முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய பிரிவுகளுக்குக் காகிதம் இருக்கிறது. அண்மைக்காலப் பிரிவுகளுக்குக் காகிதம் குறைவு, ஆனால் நினைவுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். காகிதம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க முடியாது. நம் கவனமோ தலைகீழாக இருக்கிறது.

காகிதம் உள்ளவர்களின் கதையை முதலில் பார்க்கலாம். நேட்டாலில் ஒருவர் தன் பாட்டனின் ஊரைத் தேடத் தொடங்கினால், முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஊரை அன்று, எண்ணைத்தான். கப்பலில் வந்தவருக்குக் கொடுத்த எண் அவரோடு நிற்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும், கல்யாணப் பதிவிலும், இறப்புச் சான்றிதழிலும் பெற்றோரின் எண் தொடர்ந்து எழுதப்பட்டது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய சான்றிதழில் அந்த எண் கிடைத்துவிட்டால் கப்பல் பேரேட்டில் அதற்குரிய வரியை எடுத்துவிடலாம். அந்தப் பேரேடுகள் கணினியிலும் ஏற்றப்பட்டிருப்பதால், ஒரு காலத்தில் வாரக்கணக்கில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்த்த வேலை இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் முனுசாமிகளும் சின்னம்மாக்களும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள்.

ஃபிஜியின் ஏற்பாடு இதைவிட விரிவானது. 1879 முதல் 1916 வரை அங்கே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னை வழியாகவும் கப்பல் விடப்பட்டதால் ஏறத்தாழ பதினைந்தாயிரம் தென்னிந்தியர் அதில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு. அந்தச் சீட்டில் நேட்டால் பேரேட்டின் விவரங்களோடு நெருங்கிய உறவினர் பெயர் என்றும் ஓர் இடம் உண்டு. கப்பலேறும் முன் ஒருவர் தன் அண்ணன் பெயரையோ அம்மா பெயரையோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போனவர் யார் என்பதோடு, பின்னால் நின்றவர் யார் என்பதையும் அந்தத் தாள் வைத்திருக்கிறது. உறவைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய செல்வம் இல்லை. 2011இல் ஃபிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலிப் பதிவுகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மொரீஷியஸின் செல்வம் வேறு வகையானது. 1834 முதல் நாலரை லட்சம் பேர் வந்திறங்கிய தீவு அது. இறங்கிய படிக்கட்டுகளான ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1860களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே தொழிலாளர்களைப் புகைப்படம் எடுத்தும் வைத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அந்தப் படங்களும் பேரேடுகளும் இருக்கின்றன. ஊர் பெயர் தெரியாத பாட்டியின் முகத்தையாவது பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அங்கே உண்டு.

பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளுக்குப் போனவர்கள் நிலைமை கடினம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ரீயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்கிற்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் போனார்கள். ஒற்றைப் பெயரோடு போனவரின் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ராமசாமியின் பிள்ளைகள் எல்லாம் ராமசாமிகள். முத்துசாமியின் கொள்ளுப்பேரர்கள் எல்லாம் முத்துசாமிகள். எழுத்துக்கூட்டலோ பிரெஞ்சு முறையில். பதிவேட்டில் ஊர் என்று புதுச்சேரியைப் பார்த்துவிட்டு இங்கே வந்து தெருத் தெருவாக அலைகிறவர்கள் உண்டு. கப்பலேறிய துறையைப் பிறந்த ஊராக எழுதிய பதிவுகளும் கலந்திருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்தோ தென் ஆற்காட்டிலிருந்தோ நடந்து வந்து ஏறியவருக்கும் அந்தத் துறையே ஊராகிப் போயிருக்கும்.

இத்தனை காகிதமும் தேடுகிறவரை ஓர் ஊரின் பெயர் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அதற்கு மேல்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கல் நம் பக்கத்தில் இருக்கிறது.

1890இல் போனவரின் சீட்டில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சந்திரகிரியும் அடக்கம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. எஞ்சியது 1989இல் இரண்டாக உடைந்தது. அதில் வேலூர் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து, பிறகு கள்ளக்குறிச்சியும் தனியானது. தாலுகாக்களின் கதை இதைவிடக் குழப்பம். கப்பலேறும் துறையின் டிப்போவில் இருந்த எழுத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதை டர்பனில் இன்னொருவர் பார்த்து எழுதினார். கணினியில் மூன்றாமவர் ஏற்றினார். புதுப்பாளையம், கீழூர், நல்லூர் போன்ற பெயர்களில் ஒரே வட்டாரத்தில் நாலைந்து ஊர்கள் இருக்கும். கேட்டவருக்குச் சட்டென்று புரியட்டும் என்று குக்கிராமத்தின் பெயரை விட்டுப் பக்கத்துச் சந்தை ஊரின் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போனவர்கள் பெயரையே மாற்றிக் கொடுத்தார்கள்.

ஊரைக் கண்டுபிடித்த பிறகு எல்லோரும் நேராகப் போவது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. அங்கே கிடைப்பது அரிது. காரணம் எளியது. நிலம் வைத்திருந்தவர் பெரும்பாலும் கூலிக்கப்பலில் ஏறவில்லை. நிலமற்றவரும், பஞ்சத்தில் இருந்ததை இழந்தவரும்தான் ஏறினார்கள். நம் வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளோ நிலத்தின் வரலாறு. நிலமில்லாதவனுக்கு அவற்றில் இடமில்லை. கிராமத்துப் பிறப்பு இறப்புக் கணக்குகள் கர்ணத்தின் பொறுப்பில் இருந்தன. பெரும்பாலானவை செல்லரித்துப் போயின. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேடுகிறவர் கொடுத்துவைத்தவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு பதிவு கிடைக்கக்கூடும். திருநெல்வேலி, தஞ்சைப் பகுதிகளின் பழைய திருச்சபைகளில் அத்தகைய ஏடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வட இந்தியாவில் ஹரித்வார்ப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் வம்சக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எல்லாச் சாதியினரையும் தழுவிய ஏடு நம்மிடம் இல்லை.

நம்மிடம் இருப்பது குலதெய்வம். என் பார்வையில் தமிழகத்தில் உறவைத் தேடுகிறவர் போக வேண்டிய முதல் இடம் வட்டாட்சியர் அலுவலகம் அன்று, குலதெய்வக் கோயில். ஒரே சாமியைக் கும்பிடும் பங்காளிகள் எங்கே சிதறிக் கிடந்தாலும் மாசி சிவராத்திரிக்கோ, தெற்கே சாஸ்தா கோயில்களில் பங்குனி உத்திரத்துக்கோ ஓரிடத்தில் கூடுவார்கள். கோயில் செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதற்காக எழுதிய நோட்டுகள் தர்மகர்த்தா வீட்டிலோ கணக்குப்பிள்ளை வீட்டிலோ இருக்கும். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இரண்டு மூன்று தலைமுறைக்கு அதில் வரிசையாகக் கிடைக்கும். அரசு ஏட்டில் இடம்பெறாத ஏழைக்கும் சாமியின் கணக்கில் ஒரு தலைக்கட்டு உண்டு. அதோடு பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், 1890இல் கப்பலேறியவரின் தகப்பன் பெயரைத் தாங்கிய ஒருவர் இன்றும் அந்தத் தெருவில் இருக்க வாய்ப்புண்டு. பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருவதைக் கவனித்துத் தேடுகிறவர் பாதிக் கிணறு தாண்டிவிடுவார்.

கடல் கடந்தவர்கள் மொழியைத் தொலைத்தாலும் சாமியைத் தொலைக்கவில்லை என்பது இங்கே பெரிய உதவி. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் தமிழ் ஒரு சொல்லும் பேசத் தெரியாதவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் நாகூர் மீராவையும் இன்றும் கும்பிடுகிறார்கள். ரீயூனியன், மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி ஆகிய இடங்களில் திரௌபதிக்குத் தீமிதி நடக்கிறது. செஞ்சியை நடுவாகக் கொண்ட ஆற்காட்டு, செங்கல்பட்டு வட்டாரங்களில் வேரூன்றிய வழிபாடு அது. இதைச் சான்று என்று கொள்ள முடியாது, ஏனெனில் தோட்டத்தில் பலரும் ஒரே கோயிலைக் கும்பிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் மட்டும் தனியாகக் கும்பிடும் சாமி ஒன்று இருந்தால், பலருக்கும் தெரியாத பெயர் அதற்கு இருந்தால், அது ஊர் பெயரைவிட உறுதியான துப்பு.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தமானது. தமிழகக் கிராமத்தில் தெருவைக் கண்டுபிடிக்கச் சாதி தெரிந்தாக வேண்டும். பேரேட்டில் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சாதிச் சிறுமையைத் தாங்காமல் கடலில் இறங்கியவரின் கொள்ளுப்பேத்தி, டர்பனில் ஆசிரியராகவோ மருத்துவராகவோ இருப்பவர், ஊருக்குள் நுழைந்ததும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பதுதான். பதில் சொன்னதும் சிலர் விலகுவதை அவர் கண்ணால் பார்க்க நேரிடுகிறது. வேரைத் தேடி வருவது இனிமையான பயணம் என்று சொல்லி அழைப்பவர்கள் இதையும் சொல்லித்தான் அழைக்க வேண்டும். சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். நேட்டாலில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்ட நாயுடு, பிள்ளை, முதலி என்பவற்றை மட்டும் நம்பித் தேடினால் தவறான தெருவில் போய் நிற்க நேரும்.

சொத்து இன்னொரு முட்டுக்கட்டை. பங்காளி என்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால், காணி நிலம் மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் பயம்தான் வரும். பங்கு கேட்க வந்திருக்கிறாரோ? இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டிரினிடாடில் பிறந்த எழுத்தாளர் வி. எஸ். நைபால் 1964இல் வெளிவந்த ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னெஸ்’ நூலில், கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் தன் தாய்வழிப் பாட்டனாரின் ஊருக்குப் போனதை எழுதியிருக்கிறார். அங்கே உறவினர் ஒருவர் நில வழக்குக்கு அவர் உதவியை எதிர்பார்த்தார். நைபால் எரிச்சலோடு வெளியேறினார். அந்த உறவினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு துண்டு நிலத்துக்கு வழக்காடும் ஏழைக்கு, வசதியோடு வந்து நிற்கும் சொந்தம் தெய்வம் அனுப்பியதாகத்தான் தெரியும். அதனால் போகிறவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய இரண்டு வாக்கியங்கள் உண்டு: பங்கு கேட்டு வரவில்லை, பணம் கொடுப்பதாக வாக்கு எதுவும் தரப்போவதில்லை. இரண்டையும் சொல்லிவிட்டால் பிறகு பிறக்கும் பேச்சு உறவுப் பேச்சாக இருக்கும்.

பெண்களின் தடம் எல்லாவற்றிலும் மங்கலானது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதியை நிறைவேற்ற, ஆள் சேர்ப்பவர்கள் தனியாக நின்ற பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். விதவைகள், கணவனைவிட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவர்கள். ஊர் அவர்களைத் தொலைந்தவர்களாக நினைக்கவில்லை, தலைமுழுகிவிட்டது. பேரேட்டில் ஒருத்திக்குத் தகப்பன் பெயர் இருக்கும், இன்னொருத்திக்குக் கப்பலில் சேர்ந்துகொண்ட ஆணின் பெயர் இருக்கும். கயானா வம்சாவளியினரான கையுத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவில் கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் பீகார் வரை போய் ‘கூலி வுமன்’ என்ற நூலை 2013இல் எழுதினார். தமிழ்ப் பெண்களைப் பற்றி அப்படியொரு விரிவான தேடல் வர வேண்டும். காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் ஈடுபட்ட தில்லையாடி வள்ளியம்மையின் பெற்றோருக்கு ஓர் ஊர் இருந்தது, அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு சேர்ந்தது. 1915இல் காந்தி அங்கே போனார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தப் பேறு இல்லை.

இதுவரை சொன்னது காகிதம் உள்ளவர்களைப் பற்றி. காகிதமே இல்லாமல் போனவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்கள், பர்மாவுக்குத் தாங்களாகவே டெக் டிக்கெட் எடுத்துப் போனவர்கள். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் திரட்டிக் கூட்டிக்கொண்டு போவான். பெயரும் கடனும் அவன் கணக்கில் இருக்கும். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை தொங்கியது. நேட்டாலைப் போலத் தகப்பன் பெயர், ஊர், மச்சம் என்று விரிவான தனிச்சீட்டு இவர்கள் பெரும்பாலோருக்குக் கிடையாது. அன்று அது தேவைப்படவும் இல்லை, ஏனெனில் இவர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஆள் வந்து போனது, மணியார்டர் வந்தது. போக்குவரத்து நடந்த வரை உறவு அறுபடவில்லை.

அறுத்தவை மூன்று நிகழ்ச்சிகள். முதலாவது 1942. ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் பிடித்ததும் கடிதமும் பணமும் ஒரே நாளில் நின்றன. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காட்டில் மடிந்தார்கள். செத்தவர்களின் முழுமையான பட்டியல் கிடையாது. ஊரில் காத்திருந்த மனைவிக்குத் தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று சொல்லவும் ஆள் இல்லை. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள், வழியில் விட்டவர்களைப் பிறகு பார்க்கவில்லை.

இரண்டாவது 1960களின் பர்மா. நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் வெளியேற நேர்ந்தது. அவர்களில் தமிழர் பெரும்பகுதி சென்னைக்கு வந்து பர்மா பஜாரையும் பர்மா காலனிகளையும் உண்டாக்கினார்கள். பர்மியப் பெண்ணை மணந்தவர்களின் குடும்பங்கள் இரண்டாக உடைந்தன. இங்கே நிலைக்க முடியாமல் தரைவழியே திரும்பிப் போக முயன்று, மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கிவிட்ட தமிழர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரை எண்ணிக்கையாகப் பங்குபோட்ட இந்த ஒப்பந்தத்தைப்போல் தமிழ்க் குடும்பங்களைப் பிரித்த காகிதம் வேறில்லை. வயதுவந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்ததால் அப்பா அம்மாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, கல்யாணமான மகனுக்கு இலங்கைக் குடியுரிமை என்று வந்தது. அக்காள் கணவனோடு கூடலூருக்குப் போனாள், தங்கை கணவனோடு அட்டனில் நின்றாள். தலைமன்னார்க் கரையில் கையசைத்துப் பிரிந்தவர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார்கள். 1983க்குப் பிறகு போர் கப்பலையும் நிறுத்தியது. இந்தியாவுக்கு வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பலர் நீலகிரியில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களிலும், வாக்களித்த வேலை கிடைக்காமல் வேறு ஊர்களிலும் சிதறினார்கள். பழைய தோட்டத்து முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. புது முகவரி யாருக்கும் தெரியவில்லை.

இந்த மூன்று பிரிவுகளிலும் பிரிந்தவர்கள் அல்லது அவர்களின் நேர்ப் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நேட்டால் கொள்ளுப்பேரன் தேடுவது ஓர் ஊரை. மலையகத்துத் தங்கை தேடுவது தன் அக்காளை. இரண்டும் மதிப்புள்ள தேடல்கள்தான். ஆனால் எதற்கு அவசரம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

காகிதம் இல்லாதபோது எதை வைத்துத் தேடுவது? பழைய கடித உறை எல்லாவற்றிலும் மேலானது. ஊர், அதன் வழி அஞ்சலகம், தாலுகா மூன்றும் அதில் இருக்கும். அஞ்சலக முத்திரை தேதியைச் சொல்லும். மணியார்டர் துண்டு, ஸ்டுடியோ முத்திரை பதிந்த புகைப்பட அட்டை, தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டை ஆகியவையும் உதவும். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரக் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் உபயம் செய்தவர் பெயர் பொறித்த கல்வெட்டுகளில் பினாங்கு, ரங்கோன், ஈப்போ என்ற பெயர்களைப் பார்க்கலாம். அந்தக் கல்வெட்டுகளை யாராவது ஊர் ஊராகப் படமெடுத்துத் தொகுத்தால், அக்கரைக்குப் போனவர்களின் தனிப் பேரேடு ஒன்று நமக்குக் கிடைக்கும். கல்லூரி வரலாற்றுத் துறைகள் செய்யக்கூடிய வேலை அது.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. நம் விஷயத்தில் அது அரைகுறை உதவிதான். உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்குள் மரபணு எட்டில் ஒரு பங்கு பொது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அது வேகமாகக் குறைந்து, கொள்ளுப்பேரர்களுக்குள் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அதற்கும் கீழே போனால் பலருக்குப் பொதுவான துண்டு எதுவுமே தெரியாது. நாமோ நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயும், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயும் மணம் முடிப்பவர்கள். அதனால் ரொம்பத் தள்ளிய சொந்தமும் சோதனையில் நெருங்கிய சொந்தம்போல் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டர்பன்காரர் சோதித்துக்கொண்டாலும் போளூரில் இருக்கும் அவர் பங்காளி சோதித்துக்கொண்டிருக்க மாட்டார். அண்மைக்காலப் பிரிவில், இருவர் எதிரெதிரே இருந்து உறுதிசெய்துகொள்ள இது உதவும். ஒன்றும் தெரியாமல் வலைவீசித் தேட உதவாது. தகவல் பத்திரமும் யோசிக்க வேண்டியது. ‘23 அண்ட் மீ’ நிறுவனத்தில் 2023இல் லட்சக்கணக்கானோரின் விவரங்கள் திருடப்பட்டன. 2025இல் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது.

தேடலை ஒரு தேசமே எப்படி நடத்த முடியும் என்பதற்குத் தென்கொரியாவைச் சொல்ல வேண்டும். கொரியப் போரில் சிதறியவர்களுக்காக 1983 ஜூன் 30ஆம் நாள் கே.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு நேரலை தொடங்கியது. ஒரு நிகழ்ச்சியாகத் திட்டமிட்டது 138 நாள் நீண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 53,536 பேர் திரையில் தோன்றினார்கள். 10,189 குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிரிந்த இடம், உடன்பிறந்தோர் பெயர், உடம்பிலுள்ள தழும்பு என்று சொன்னார்கள். ஒளிபரப்பு நிலையச் சுவரெங்கும் பெயர்த்தாள்கள். அங்கே அது பலித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. போர் முடிந்து முப்பது ஆண்டுதான் ஆகியிருந்ததால் நினைவு உயிரோடு இருந்தது. தேடுகிறவர், தேடப்படுகிறவர் இரு தரப்பும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நமக்கு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இரு கரையும் சேர்ந்து பார்க்கும் திரை நம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

நம் அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தூதரகம் வழியாகக் கட்டணம் செலுத்தி வேர்களைத் தேடும் திட்டம் ஒன்றை இந்திய வெளியுறவு அமைச்சகம் 2008இல் தொடங்கியது. தமிழக அரசு ‘வேர்களைத் தேடி’ என்ற பெயரில் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து கோயில்களையும் கலைகளையும் காட்டுகிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இரண்டிலும் கதவைத் தட்ட வேண்டியவர் வெளியிலிருந்து வருகிறவர். இங்கே இருப்பவர், ‘எங்கள் வீட்டிலிருந்து இன்னார் போனார், அவர் பிள்ளைகளைத் தேடுகிறோம்’ என்று பதிந்து வைக்கப் பொதுவான இடம் தேவை. மாவட்டம், தாலுகா, ஊர், போனவர் பெயர், போன நாடு, ஏறத்தாழ எந்த வருஷம் என்ற அளவில் ஒரு பொதுப் பேரேடு. அதோடு 1860 தொடங்கிய மாவட்ட, தாலுகா, ஊர்ப் பெயர் மாற்றங்களின் அட்டவணை. எழும்பூர் ஆவணக் காப்பகமும் அயலகத் தமிழர் நலத்துறையும் மனம் வைத்தால் முடியாத காரியம் அன்று. கூடலூர், கோத்தகிரியில் முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதியும் வேலை முதலில் நடக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை வீட்டில் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. போனவரின் பெயர், தகப்பன் பெயர், உடன்பிறந்தோர், தாய்மாமன் ஊர், குலதெய்வம், யாரோடு போனார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். புகைப்படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படமெடுங்கள். முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடும்போது முழுக் கதையையும் போட்டுவிடாதீர்கள். உடன்பிறந்தோர் பெயரையும் குலதெய்வத்தையும் மறைத்து வையுங்கள். சொந்தம் என்று வருகிறவர் அவற்றைத் தாமாகச் சொன்னால் நம்பலாம். நாம் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்லி உறவு கொண்டாடும் ஏமாற்றுக்காரர்களும் தரகர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் மலாயாவுக்கோ ரங்கோனுக்கோ தோட்டக்காட்டுக்கோ போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் தெரிந்த கடைசி ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். எழுபதோ எண்பதோ தாண்டிய ஒரு அத்தையாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். இந்த வாரமே அவரைப் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிக்கொள்ளுங்கள்.